பாரிடோனுக்கு ஒரு பழைய மவுத்பீஸ்

குரு வாயைத் திறந்தபடிதான் இருந்தார். ஆனாலும் பதில் வரவில்லை. எப்படி வரும்? வாய் நிறையப் பஞ்சு.

சீடர் தலைமாட்டில் டிரில்லைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“மாஸ்டர், நேராவே கேக்குறேன். பாரிடோனுக்கு நல்ல மவுத்பீஸ் எது?”

“ஆ,” என்றார் குரு.

“மெட்டலா, ரப்பரா?”

“ஆ.”

“இதான் உங்ககிட்ட எனக்குப் பிடிக்காதது. எதைக் கேட்டாலும் பிடி குடுத்துப் பேசவே மாட்டீங்க,” என்று சொல்லிவிட்டு சீடர் டிரில்லை ஓடவிட்டார்.

குருவின் பெயர் புளோரா. பெரம்பூரில் ஒரு மாவு மில்லின் மாடியில் சாக்ஸஃபோன் சொல்லிக்கொடுக்கிறார். ஒன்பது பேர் கொண்ட ஒரு பேண்டையும் நடத்துகிறார். சீடர் பல் டாக்டர் சந்தானகிருஷ்ணன், அயனாவரத்தில் சொந்த கிளினிக். குருவுக்கு முப்பத்து நாலு வயது, சீடருக்கு ஐம்பத்தெட்டு. அதில் அவர்கள் இரண்டு பேருக்கும் சங்கடம் இல்லை. நமக்கு எதற்கு?

டிரில் நின்றதும் புளோரா கையைத் தூக்கினார். டாக்டர் பஞ்சை எடுத்தார்.

“யப்பா! மண்டைக்குள்ள தண்ணி லாரி ஓடுது டாக்டர்.”

“அது உங்க தலைக்குள்ள மட்டும்தான் மாஸ்டர். வெளிய ஒண்ணுமே இல்ல. எனக்கு ஒரு கொசு சத்தம்தான் கேக்குது.”

“கொசுவா?”

“கொசுதான். எல்லாரும் லாரின்னுதான் சொல்வாங்க. பல்லு வழியா எலும்புக்குப் போய் நேரா காதுல ஏறுது. தினமும் பத்துப் பேருக்கு இதைச் சொல்றேன்.”

பல்லைச் சுத்தம் செய்து, தற்காலிகமாக மருந்து வைத்து மூடினார். “திங்கட்கிழமை வாங்க, நரம்பை எடுத்துடலாம். அதுவரைக்கும் சாக்ஸை வாயில வைக்கவே கூடாது. கெட்டியா எதையும் கடிக்கக் கூடாது.”

“என் கேள்விக்கு?” என்று டாக்டர் வாசல்வரை பின்னாலேயே போனார்.

“வியாழக்கிழமை ரிகர்சலுக்கு எல்லாத்தையும் எடுத்துட்டு வாங்க,” என்றார் புளோரா, கன்னத்தைப் பிடித்துக்கொண்டு.

டாக்டருக்கு ஏன் இவ்வளவு அவசரம் என்று சொல்லிவிடுகிறேன். அந்த பேண்டில் பேஸ் கிடார் வாசித்த பையன் துபாய்க்குப் போய்விட்டான். அன்றிலிருந்து அடிச்சத்தம் முழுக்க டாக்டரின் பாரிடோன்தான், சாக்ஸஃபோன் வகையில் கனத்த குரல் உள்ளது. ட்ரம்பெட் எவ்வளவு துள்ளினாலும் நிற்பதற்குத் தரை வேண்டும், அந்தத் தரை அவர். வருகிற சனிக்கிழமை ஒரு கல்யாண வரவேற்பு. போன வார ரிகர்சலில் புளோரா எல்லார் முன்னிலையிலும் சொல்லிவிட்டார்: “டாக்டர், உங்க சத்தம் ஹால்ல இல்ல. இப்படியே இருந்தா உங்க லைனை பெஞ்சமினுக்குக் குடுத்துடுவேன்.”

பெஞ்சமின் டிராம்போன் வாசிப்பவன். நல்ல பையன். அதனால் கோபப்படவும் வழியில்லை.

டாக்டருக்கு அன்றைக்கு இட்லி இறங்கவில்லை. முப்பது வருடமாக அவர் கையில் ஒரு கருவியை எடுத்தாலே எதிரில் இருப்பவர்கள் கண்ணை இறுக்கி மூடிக்கொள்வார்கள். சிலர் சாமி பேரைச் சொல்வார்கள். அவர் கருவியோடு வருவதைப் பார்த்து ஜனங்கள் சிரித்த முகத்தோடு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்காருகிற இடம் இந்த பேண்டு ஒன்றுதான். அதை விட்டுக்கொடுக்க அவருக்கு மனசே இல்லை.

பழி யார் மேல்? யோசித்துப் பார்த்தார். சாக்ஸோடு சேர்ந்து வந்த, வாயில் வைத்து ஊதுகிற பிளாஸ்டிக் மவுத்பீஸ் மேல் போட்டார். பாவம், அதற்கு வாய் இல்லை.

பழைய காலத்து மவுத்பீஸ்தான் வேண்டும் என்று எல்லாரும் சொன்னார்கள். பெங்களூரில் பேட்ரிக் என்று ஒருவர், பழைய வாத்தியச் சாமான் சேர்த்து வைத்திருப்பவர், மூன்றை அனுப்பி வைத்தார். “ஒண்ணை வச்சுக்குங்க, மத்ததைத் திருப்பி அனுப்புங்க. ஒரே ஒரு விஷயம், வெந்நீர் காட்டிடாதீங்க.”

“கொதிக்க வைக்காம எப்படிங்க வாயில வைக்கிறது?” டாக்டர் அதிர்ந்துபோனார்.

“கொதிக்க வச்சா ரப்பர் கோணிக்கும். அப்புறம் அதுல கோலமாவுதான் போடலாம். சோப்பும் பச்சத்தண்ணியும் போதும் சார்.”

மனசில்லாமல் பச்சைத் தண்ணீரில் கழுவினார். ஒன்றில் நுனியில் கீறல் இருந்தது. சொத்தை பார்க்கிற பூதக்கண்ணாடியில் அது உடனே தெரிந்துவிட்டது. அதை ஓரமாக வைத்தார். மீதி இரண்டு. ஒன்று மெட்டல், தங்க முலாம், பளபளவென்று மாப்பிள்ளை மோதிரம் மாதிரி. இன்னொன்று கெட்டி ரப்பர். ஒரு காலத்தில் கறுப்பாக இருந்திருக்கும். இப்போது பாசி பிடித்த பச்சை. மூக்கருகே கொண்டுபோனால் கந்தக வாடை.

கிளினிக்கில் ஆள் இல்லாத மத்தியான நேரத்தில் மெட்டலை மாட்டி ஊதினார். அடேயப்பா! தாடை அதிர்ந்தது, கடைவாய்ப் பல் அதிர்ந்தது, உச்சந்தலை வரை கிறுகிறுத்தது. இத்தனை நாள் எங்கேடா இருந்தாய் என்று அதைக் கொஞ்சாத குறை. பிறகு பச்சையை மாட்டினார். பக்கத்து வீட்டில் யாரோ வாசிக்கிற மாதிரி இருந்தது.

அப்போதே அவர் முடிவு செய்துவிட்டார். குருவிடம் கேட்டது சும்மா ஒரு மரியாதைக்கு. நாமும் அப்படித்தானே செய்கிறோம்?

வியாழக்கிழமை மாலை மாவு மில் ஓய்ந்த பிறகு ரிகர்சல் ஆரம்பித்தது. டாக்டர் மெட்டலை மாட்டிக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். அவரைப் பார்த்தால் அன்றைக்கு அவருக்குத்தான் கல்யாணம் போலிருந்தது.

“மெதுவான பாட்டை எடுங்க,” என்றார் புளோரா.

பாட்டு கிளம்பியது. டாக்டர் கண்ணை மூடினார். மண்டைக்குள் தேர் ஓடியது. இதுதான், இதுதான், என்று உள்ளுக்குள் ஒரு சந்தோஷம். சனிக்கிழமை மண்டபத்தில் தட்டோடு நிற்கிறவர்கள் அப்படியே திரும்பிப் பார்ப்பதைக் கற்பனை செய்துகொண்டே ஊதினார்.

புளோரா கையைத் தூக்கி ட்ரம்பெட்டைப் பார்த்து விரல்களை மூடினார். ட்ரம்பெட் நின்றது. அடுத்து பெஞ்சமினைப் பார்த்தார். டிராம்போன் நின்றது. கீபோர்டு நின்றது. கடைசியாக டிரம்ஸ் தணிகைவேலும் குச்சிகளை மடியில் வைத்துக்கொண்டான்.

டாக்டர் ஊதிக்கொண்டே இருந்தார்.

யாரும் அசையவில்லை. கீழே தெருவில் ஒரு ஆட்டோ திரும்பிப் போகிற சத்தம்கூடக் கேட்டது. டாக்டருக்குக் கேட்கவில்லை. பக்கத்தைத் திருப்புவதற்காகக் கண்ணைத் திறந்தவர், எட்டுப் பேரும் கைகட்டி உட்கார்ந்து தன்னையே பார்ப்பதைக் கண்டார்.

“என்னாச்சு? கரண்ட் போயிடுச்சா?”

“டிரம்ஸுக்கு எதுக்கு டாக்டர் கரண்ட்டு?” என்றான் தணிகைவேல்.

சிரிப்பு அடங்க நேரமானது. டாக்டரும் சிரித்தார், ஆனால் காது மடல் சிவந்துவிட்டது.

“மாஸ்டர், இது அநியாயம். நான் ஈடுபாட்டோட வாசிச்சிட்டிருந்தேன்.”

“பார்த்தோம்,” என்றார் புளோரா. “இன்னொண்ணை மாட்டுங்க.”

பச்சையை மாட்டினார். வேண்டாவெறுப்பாகத்தான். பாட்டு மறுபடி கிளம்பியது. இந்த முறை மண்டைக்குள் தேரும் இல்லை, திருவிழாவும் இல்லை. தன் சத்தம் எங்கே என்று தேடித் தேடி ஊதினார். பாதிப் பாட்டில் புளோரா தணிகைவேலின் இடது காலைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார். அவன் காலால் மிதித்து இரண்டு தட்டுகளை ஒட்டி எழுப்புகிற அந்தச் சின்ன ‘ச்சிக்’ சத்தத்தை மட்டும் நிறுத்தினான். மற்ற எல்லாம் அப்படியே ஓடியது.

டாக்டர் வாயை எடுத்தார். “தணிகை, காலுக்கு என்ன ஆச்சு? மரத்துப் போச்சா?”

யாரும் சிரிக்கவில்லை. பெஞ்சமின் மட்டும் தன் டிராம்போனை ஒருமுறை துடைத்துக்கொண்டான்.

“எது நல்லது மாஸ்டர்?” என்றார் டாக்டர்.

“பல்லு உங்களோடது. நீங்கதான் சொல்லணும்.”

“அது தெரியும். மெட்டல்ல வாசிச்சா கட்டடமே அதிருது. இதுல எனக்கே என் சத்தம் கேக்கல. எனக்கே கேக்காதது வாசல்ல நிக்கிறவனுக்கு எப்படிக் கேக்கும்?”

“நல்ல கேள்வி.”

“நீங்க ரெண்டுலயும் வாசிச்சுக் காட்டுங்க. நான் பின்னாடி போய் நின்னு கேக்குறேன்.”

“வாயில எதையும் வைக்கக் கூடாதுன்னு சொன்னது யாரு?”

டாக்டர் தலையில் தட்டிக்கொண்டார். “போன்ல பதிவு பண்ணிப் பார்த்தேன். ரெண்டும் ஒரே மாதிரி கீச்சுனு கேக்குது.”

“போனுக்கு பாரிடோன் தெரியாது. அது ஹலோ கேக்குறதுக்குச் செஞ்சது.”

“அப்போ நானேதான் கடைசி வரிசையில நின்னு கேக்கணும்.”

“போய் நில்லுங்க.”

டாக்டர் எழுந்து இரண்டு எட்டு வைத்தார். நின்றார். “யாரு வாசிக்கிறது?”

புளோரா நோட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தார். பதில் சொல்லவில்லை. இந்த முறை வாயில் பஞ்சும் இல்லை.

கிளம்பும்போது மட்டும் சொன்னார்: “டாக்டர், எதை வேணா மாட்டிட்டு வாங்க. ஆனா சனிக்கிழமை நான் இடது கையைத் தூக்கினா நீங்க நிறுத்திடணும். பெஞ்சமின் லைனை எடுத்துக்குவான். மேடையில வச்சு என்கிட்ட கேள்வி கேக்கக் கூடாது.”

“சரி மாஸ்டர்,” என்றார்.

வெள்ளிக்கிழமை முழுவதும் அவருக்குப் புகைச்சல்தான். வந்த நோயாளிகளிடம் எல்லாம் கொஞ்சம் கூடுதலாகவே துப்பச் சொன்னார். மத்தியானம் கதவைச் சாத்திவிட்டு, இரண்டு மவுத்பீஸையும் தட்டில் வைத்து, பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார். சங்கீதம் அவருக்கு நாலு வருடப் பழக்கம். பல் முப்பது வருடப் பழக்கம். தெரிந்த வழியில் போய்ப் பார்ப்போமே.

முதலில் மெட்டல். மேல்பல் படுகிற இடத்தில் லேசான கீறல்கள், ஒன்று இங்கே, ஒன்று அங்கே. அகலமான பல், குறுகிய பல், ஒரு இடைவெளிப் பல். நாலைந்து பேர் கடித்துப் பார்த்திருக்கிறார்கள். யாரும் தங்கவில்லை. அதனால்தான் மோதிரம் மாதிரி மின்னுகிறது.

அடுத்து பச்சை. மேல்பக்கம் இரண்டு பள்ளம். ஒரே ஒரு ஆளின் பல். இடது முன்பல் கொஞ்சம் திரும்பினது. பள்ளத்தின் ஆழத்தைப் பார்த்தால் இருபது முப்பது வருடம் ஒரே இடத்தில் கடித்திருக்க வேண்டும். டாக்டர் விளக்கை இன்னும் கிட்டே இழுத்தார். இடது பள்ளத்தின் ஓரம் மட்டும் தேய்ந்து அகலமாகியிருந்தது. கடைசிக் காலத்தில் அந்தப் பல் ஆடியிருக்கிறது. ஆடுகிற பல்லோடு வாசித்திருக்கிறான் மனுஷன்.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். ஆடுகிற பல்லில் ஒன்றைக் கடிப்பது என்ன வலி என்று அவருக்குத் தெரியும். அந்த வலியோடு வருகிறவர்களைத்தான் அவர் தினமும் பார்க்கிறார். அவ்வளவு வலியிலும் இதை மாற்ற அவனுக்கு மனசு வரவில்லையே! அவனுக்கு மட்டும் இது பக்கத்து வீட்டுச் சத்தமாகக் கேட்டிருக்காதா? கேட்டிருக்கும். அப்படியும் விடவில்லை.

நேற்று எட்டுப் பேர் கைகட்டி உட்கார்ந்திருந்தது ஞாபகம் வந்தது. அந்த ‘ச்சிக்’ நின்றதும் ஞாபகம் வந்தது.

மெட்டலைத் துடைத்து, கீறல் விழுந்ததோடு சேர்த்துப் பெட்டியில் போட்டு பேட்ரிக் விலாசத்தை எழுதினார். கொஞ்ச நேரம் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு டேப்பை ஒட்டிவிட்டார். இனி யோசிக்க ஒன்றுமில்லை.

சனிக்கிழமை மண்டபத்தில் சரியான கூட்டம். பாதிப் பேர் மேடையைப் பார்த்தார்கள், பாதிப் பேர் பந்தியைப் பார்த்தார்கள். புளோரா பேண்டுக்கு முன்னால், டாக்டருக்கு நேர் எதிரே நின்றார். டாக்டர் பச்சை மவுத்பீஸை வாயில் வைத்தார். பல் தானாகப் போய் அந்தப் பள்ளங்களில் உட்கார்ந்தது. இடது பக்கம் மட்டும் சரியாகப் பொருந்தவில்லை. அது அந்த ஆளின் இடம்.

பாட்டு கிளம்பியது.

அவருக்கு எல்லாம் கேட்டது. ட்ரம்பெட்காரன் மூச்சிழுப்பது கேட்டது. தணிகைவேலின் ‘ச்சிக்’ கேட்டது. முதல் வரிசையில் ஒரு அம்மாவின் கண்ணாடி வளையல் உரசுவதுகூடக் கேட்டது. அவருடைய சத்தம் மட்டும் கேட்கவில்லை. போயிற்று, எல்லாம் போயிற்று என்று நினைத்தார். ஆனாலும் ட்ரம்பெட் எங்கே காலை வைக்கப்போகிறது என்று தெரிந்தது. அதற்கு முன்னால் போய் அங்கே தரையைப் போட்டார். டிராம்போன் சாய்ந்தபோது தோள் கொடுத்தார். கண்ணை மட்டும் புளோராவின் இடது கையை விட்டு எடுக்கவில்லை.

இரண்டாவது பாட்டில் ஒரு இடத்தில் பாரிடோன் படி இறங்கி, அடியிலும் அடியான ஒரு சுரத்தில் போய் உட்கார வேண்டும். இறங்கினார். உட்கார்ந்தார்.

புளோராவின் இடது கை உயர்ந்தது.

பெஞ்சமின் டிராம்போனை உதட்டுக்குக் கொண்டுபோனான். வாக்கு வாக்குதான். டாக்டர் வாயை எடுக்கப் போனார்.

அந்தக் கை காற்றில் நிற்கவில்லை. நேராகக் கன்னத்துக்குப் போய் அங்கேயே அழுத்திக்கொண்டது. புளோராவின் கண்ணில் தண்ணீர். வலது கை மட்டும் டாக்டரைப் பார்த்து விறுவிறுவென்று ஆடியது: நிறுத்தாதே, வாசி, வாசி. பெஞ்சமினுக்கு ஒரு முறைப்பு. அவன் டிராம்போனை மடியில் இறக்கினான்.

டாக்டர் வாசித்தார். ஒன்றும் புரியவில்லை, ஆனாலும் வாசித்தார். பந்தி பக்கம் நின்ற பாதிப் பேர் எப்போது மேடைப் பக்கம் திரும்பினார்கள் என்று அவர் கவனிக்கவில்லை. பாரிடோன் அடியில் போய் உட்காருகிற ஒவ்வொரு முறையும் புளோராவின் கை கன்னத்தை அழுத்தியதை மட்டும் கவனித்தார். பந்தியில் பீடாவைக் கடித்திருப்பார், சொன்னால் கேட்டால்தானே என்று நினைத்துக்கொண்டார்.

கச்சேரி முடிந்ததும் புளோரா யாரிடமும் பேசாமல், துப்பட்டாவைக் கன்னத்தோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, கிடைத்த ஆட்டோவில் ஏறிப் போய்விட்டார். டாக்டர் சாக்ஸைப் பெட்டியில் வைத்துக்கொண்டு தனியாக உட்கார்ந்திருந்தார். லைன் தன்னிடமே இருந்தது தெரியும். ஏன் இருந்தது என்பது மட்டும் தெரியவில்லை.

திங்கட்கிழமை காலை முதல் ஆளாகப் புளோரா வந்து நாற்காலியில் சாய்ந்தார். ஊசி போட்டாகிவிட்டது. வாய் நிறையப் பஞ்சு.

“கெட்டியா எதையும் கடிக்கக் கூடாதுன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன். பீடாதானே?”

“ஆ.”

“பின்ன என்ன, முறுக்கா?”

“ஆ.”

டாக்டர் டிரில்லைக் கையில் எடுத்தார். ஓடவிடவில்லை. ரெண்டு நாளாக நெஞ்சில் கிடந்ததை அவரால் அடக்க முடியவில்லை.

“மாஸ்டர், நீங்க வலி பொறுக்காம கையை எடுத்தீங்க, அந்தக் குழப்பத்துல நான் தப்பிச்சேன். அப்படித்தானே? உண்மையைச் சொல்லுங்க. மெட்டல்ல அவ்ளோ பெரிய சத்தம், அதை நானே கட்டித் திருப்பி அனுப்பிட்டேன். சனிக்கிழமை என் சத்தம் எனக்குக் கொஞ்சம்கூடக் கேக்கல. வெளிய யாருக்காவது கேட்டுச்சா?”

“ஆ,” என்றார் குரு.

டாக்டர் டிரில்லைக் கீழே வைத்தார். குனிந்து, பஞ்சை ஒவ்வொன்றாக எடுத்தார்.

புளோரா மரத்துப்போன கன்னத்தைத் தடவிக்கொண்டார்.

“நான் ஒண்ணும் கடிக்கல டாக்டர். வியாழக்கிழமை அந்தச் சத்தம் உங்க தலைக்குள்ள மட்டும்தான் கேட்டுச்சு. எங்களுக்குக் கொசு. சனிக்கிழமை என் தலைக்குள்ள கேட்டுச்சு. சொத்தைப் பல்லு வரைக்கும் வந்துடுச்சு. சீக்கிரம் அடைச்சு விடுங்க, அடுத்த வாரமும் உங்களுக்கு நேர் எதிர்லதான் நான் நிக்கணும்.”